சுவரைப் பார்க்காத சிங்கம்

"அந்த டப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டாம் சாரே. அது எங்கயாவது கெடந்து துருப்பிடிக்கட்டு. எனக்க பேரைக் கண்டுபிடிச்சுத் தாங்க. களவு போனது அதாக்கும்."

எமில்டா அக்கா இதைச் சொல்லிவிட்டு எங்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சனிக்கிழமை காலை ஒன்பது மணி. முக்காடு நெற்றி வரை இறங்கியிருந்தது. பேசும்போதுகூட முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் துப்பறியும் அலுவலகம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு தையல் கடையின் மாடியில் இருக்கிறது. தினமும் இரண்டு பேராவது வழி தவறி ஏறி வந்து என்னிடம் ஜாக்கெட் அளவு கொடுப்பார்கள். முதலாளி ரெத்தினதாஸ் எல்லைச் செக்போஸ்டில் பதினாறு வருஷம் லாரித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர். அது அலுத்துப்போய் இப்போது மனிதர்களின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார். நான் கிருபாபாய், பாறசாலைக்காரி, வயது முப்பத்தொன்று. அவருக்கு டைப் அடிப்பது, கட்டன் சாயா போடுவது, அவர் பேசாமல் இருக்கும் நேரத்திலெல்லாம் அவருக்கும் சேர்த்துப் பேசுவது, மூன்றும் என் வேலை.

"இருங்க அக்கா," என்றேன். "பேர் காணாமப் போனா தேடுறதுக்கு ஒரு அடையாளம் வேணும். முதல்ல இருந்து சொல்லுங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். விஷயம் இதுதான்.

திருப்புறத்தில் சிலுவைதாசன் என்று ஒருவர். கப்பலில் முப்பது வருஷம் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டாள். போன துறைமுகத்திலெல்லாம் மற்றவர்கள் குடித்துப் போட்ட பீர் டின்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வீட்டின் முன்னறையில் அடுக்கி வைத்திருக்கிறார். மொத்தம் நானூற்றுப் பதினொன்று. வேடிக்கை என்னவென்றால் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. போன வருஷம் சாராயத்தை நிறுத்தினார்களே, அப்போது யாரோ மொட்டைக் கடுதாசி போட, எக்சைஸ்காரர் ஒருவர் வந்து நானூற்றுப் பதினொரு டின்னையும் மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே போனாராம்.

அந்த வீட்டைக் கூட்டித் துடைப்பவள் எமில்டா அக்கா, ஏழு வருஷமாக. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிலுவைதாசன் வந்து பார்க்கும்போது, எல்லாவற்றிலும் அருமையான டின் ஒன்று இல்லை. கடல்குதிரைப் படம் போட்டது. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தது, அந்தக் கம்பெனியே இப்போது இல்லையாம். அவருடைய தங்கை மகன் சிஜோ அன்றைக்கே ஜங்ஷனில் நின்று, எமில்டா திருடி ஆக்கர் கடையில் போட்டுவிட்டாள் என்று ஊர் கேட்கக் கத்தினான். பழைய இரும்புக் கடையைத்தான் எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்போம். சிலுவைதாசன் பக்கத்திலேயே நின்றாராம், ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"மகளுக்குக் கல்யாணம் உறப்பிச்சிருக்கு சாரே. டெல்னா. கோயில்ல ரெண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு. நாளைக்கு மூணாவது. பையனுக்க அப்பன் பூவாறுல இருந்து ஆள் விட்டாரு. எமில்டா எடுக்கல்லேன்னு டப்பாக்காரன் வாயால கேட்டாத்தான் மூணாம் ஓலை, இல்லேன்னா வாசிக்க வேண்டாம்னு ஃபாதர்ட்ட சொல்லிருவேன்னாரு. பிள்ளை மூணு நாளா ஒண்ணும் திங்கல்ல."

ரெத்தினதாஸ் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க எடுத்தியளா?"

எனக்கே சுருக்கென்றது. அவள் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"இல்ல."

"ஆக்கர் கடைக்குப் போனியளா?"

கண் மறுபடியும் சன்னலுக்குப் போயிற்று. "இல்ல," என்றாள். முதல் 'இல்ல' வேறு, இந்த 'இல்ல' வேறு. ரெத்தினதாஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு எங்கள் ஸ்கூட்டர் திருப்புறம் போய்ச் சேர்ந்தது. எமில்டா அக்கா பஸ்ஸில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரக்கூடாது என்று சிஜோ கையை நீட்டி மறித்தான். வளைகுடாவில் இரண்டு வருஷம் இருந்து திரும்பியவன், கூலிங் கிளாஸை இன்னும் இறக்கவில்லை.

சிலுவைதாசன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடுப்பில் ஒரு சாவி. "செவ்வாக்கெழம நடுவேதனைக்கு வைத்தியரைப் பாக்கப் போனேன் சாரே. வந்து பாத்தா இல்ல. அப்பமே பூட்டினேன். உள்ள காலு வைக்க மனசு வரல்ல. யாரையும் விடவும் இல்ல."

பூட்டைத் திறந்தார், அவர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் என்னவோ வண்ணவண்ணமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். மூன்று சுவரிலும் மரத்தட்டு, தட்டு நிறைய டின், எல்லாம் பின்பக்கம் காட்டிக்கொண்டு. ஒரே தகர நிறம், நடுவில் நெட்டுக்கு ஒரு தையல் கோடு. திரும்பி நிற்கும் இராணுவம் மாதிரி இருந்தது.

"என்ன மாமா, நாங்க நன்கொடை கேட்க வந்த மாதிரி எல்லாரும் எங்களுக்கு முதுகைக் காட்டுதாவ?" என்றேன். "அந்தக் குண்டுச் சிங்கம் ஒண்ணுதான் மரியாதை தெரிஞ்சது, நேராப் பாக்குது."

நடுத்தட்டில் ஒரு பெரிய டின், ஐந்து லிட்டர் பிடிக்கும், மஞ்சள் சிங்கம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அது வழக்கம்தான்.

"மேக்கால சன்னல் உண்டு பிள்ளே," என்றார் சிலுவைதாசன். "உச்ச திரும்பினா வெயில் உள்ள வரும், சாயம் போயிரும். அதனால படத்தைச் சுவத்தப் பாத்து வச்சிருப்பேன். ஞாயிறு பூசை கழிஞ்சு வந்து ஒரு மணிக்கூர் எல்லாத்தையும் இடம் மாறாமத் திருப்பி வச்சுப் பாப்பேன். பெறவு பழையபடி."

"யாரு தூசி துடைக்கது?" என்று கேட்டார் ரெத்தினதாஸ்.

"நானாக்கும். மாசம் முதல் வெள்ளிக்கெழம. எமில்டா தரையை மட்டும் தூப்பா. தட்டுல கை வைக்கப்பிடாதுன்னு சட்டம்."

மேல்தட்டில் ஒரு இடைவெளி. மாதக் கடைசியாகையால் தட்டில் நல்ல தூசி, அதில் டம்ளர் வைத்து எடுத்தது போல ஒரு சுத்தமான வட்டம். ரெத்தினதாஸ் முகத்தைத் தட்டோடு ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பக்கத்து டின்கள் ஒரு நூல்கூட நகரவில்லை.

"ஒண்ணையும் தொட்டிராதீங்க சாரே," என்று வாசலிலிருந்து கெஞ்சினார் சிலுவைதாசன். "எல்லாம் அடியில ஓட்டை போட்டுக் குடிச்ச டின்னு. தலைப்பக்கம் கெடாம இருக்கணுமில்லா? ஆள் ஆளாக் காலைப் பிடிச்சு, டின்னைக் கவுத்து ஓட்டை போட்டுக் குடிக்க வச்சேன். கப்பல்ல எனக்குக் கிறுக்கன்னு பேரு."

"கப்பல்ல மட்டுமா?" என்றான் சிஜோ பின்னாலிருந்து.

அவன்மேல் எனக்கு வந்த சந்தேகம் சும்மா இல்லை. அந்த அறை ரோட்டைப் பார்த்திருந்தது. வாசல் ஓரத்தில் 'STD ISD PCO' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதிய புத்தம்புதுப் பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

"பூத் எங்க போடப்போற?" என்றேன்.

"இந்த ரூம்புலதான். மாமன் மனசு வச்சா. செவ்வாக்கெழம ராத்திரி எல்லாத்தையும் ஆக்கர்காரனுக்குத் தூக்கிக் குடுத்துருவேன்னு சொன்னாரு. புதன்கெழம காலத்தே சுந்தரதாஸ் சாரு வந்து சமாதானம் சொல்லி அதைக் கெடுத்துட்டாரு."

"அது யாரு?"

"தனுவச்சபுரத்துல டியூட்டோரியல் நடத்துதாரு. அவருக்கும் இதே தீனம். எங்க டின்னு கண்டாலும் பொறுக்குவாரு."

"எமில்டா ஆக்கர் கடைக்குப் போனதை நீ பாத்தியா?"

"எனக்க ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். செவ்வாக்கெழம மூணு மணிக்கு, பாறசாலை ரயில் கேட்டுக்குப் பக்கத்துல, பொன்னையனுக்க கடையில. கையில சாக்கு. நான் பஸ்ஸுல இருந்தேன்." கூலிங் கிளாஸைக் கழற்றினான். "எனக்கு மாமனுக்க டப்பா ஒண்ணும் வேண்டாம். சாக்கைப் பாத்தேன், சொன்னேன்."

கேட்டுக்கு வெளியே வந்தோம். எமில்டா அக்கா சுவர் ஓரமாக, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"செவ்வாக்கெழம வீட்டுக்கு யாரெல்லாம் வந்தாவ?" என்று கேட்டார் ரெத்தினதாஸ்.

"சிஜோ காலத்தே போயிட்டான். பெறவு கியாஸ் கொண்டுவந்தவன் அடுக்களை வழி வந்து அப்படியே போனான். ஒரு மணிக்கு சுந்தரதாஸ் சாரு வந்தாரு. அவரு எப்பவும் வாறவருதானே. மாமன் இல்லேன்னு சொன்னேன். நல்ல வெயிலு, பாவம். பின்னால போய் ஒரு கரிக்கு வெட்டிக் குடுத்தேன், குடிச்சிட்டுப் போனாரு." இளநீரைத்தான் கரிக்கு என்பார்கள். "அவரைச் சொல்லாதீங்க சாரே. ரெண்டு கையும் வீசிட்டுத்தான் போனாரு. பையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கர்த்தருக்கு முன்னால சொல்லுதேன்."

ஸ்கூட்டர் செங்கல் வழியாகப் பாறசாலைக்கு ஓடியது. பின்னால் உட்கார்ந்து கத்தினேன். "சார், அவ பொய் சொல்லுதா. சாக்கு விஷயத்துல."

"தெரியும்."

"அப்படீன்னா சிஜோ சொல்லுறது உண்மையா?"

"அது தெரியல்ல." இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் பேசினார். "செக்போஸ்ட்டுல வைக்கோல் லாரி வரும் கிருபா. நூறு கட்டும் தாறுமாறாக் கெடக்கும். ஒரே ஒரு கட்டு மட்டும் பாத்துப் பாத்து வச்சிருந்தா, அதுக்கு அடியிலதான் கள்ள ஸ்பிரிட்டு கேன்."

"இந்தக் கதையை இந்த மாசம் நாலாவது தடவை கேக்குதேன்."

"அப்ப நாலு தடவையும் உனக்குப் புரியல்ல."

எனக்குக் கோபம் வந்து வாயை மூடிக்கொண்டேன். பாறசாலை வரை அவருக்கு நிம்மதி.

பொன்னையன் கடையில் பிளாஸ்டிக் குடம், சைக்கிள் ரிம், டைனமோ என்று அம்மி தவிர எல்லாம் இருந்தது. பொன்னையன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

"எமில்டாவா? வந்தாளே. செவ்வாக்கெழம மூணு மணி இருக்கும்."

காலையிலிருந்து அவளுக்காக மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன், அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் சரிந்தது.

"சாக்கு இன்னும் கெடக்கு. பிரிக்கக்கூட இல்ல," என்று மூலையைக் காட்டினார்.

நானே போய் அவிழ்த்தேன். உள்ளே இரண்டு அலுமினியச் சருவம், அடி ஒட்டுப்போட்ட ஒரு குட்டுவம், கைப்பிடி போன வார்ப்பு. கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தது. சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். டின் இல்லை.

"அவளுக்க சொந்தப் பாத்திரமாக்கும்," என்றார் பொன்னையன். "கல்யாண வீட்டுக்காரி சட்டிபானை விக்குதான்னு பூவாறுக்குத் தெரிஞ்சா நாணக்கேடு, யாருட்டயும் சொல்லாதீங்கன்னு கும்பிட்டா. நான் சொல்லல்ல. நீங்க கேட்டதால சொல்லுதேன்."

அப்படியானால் அவள் இரண்டாவது 'இல்ல' சொன்னது இதற்காக. அவளைச் சந்தேகப்பட்டதற்கு என்னை நானே ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டேன்.

"பீர் டின் கேட்டு வேற யாராவது வருவாவளா?" என்றார் ரெத்தினதாஸ்.

"சுந்தரதாஸ் சாரு மாசா மாசம் வருவாரு. எனக்கே படிப்பிச்சுத் தந்திருக்காரு. பழைய டின்னுக்குப் பின்னால ஈயத்துல பத்தவச்ச தடிச்ச தையல் உண்டு, புதுசுக்கு இருக்காது. படமே பாக்க வேண்டாம், முதுகைப் பாத்தே வயசு சொல்லிருவாரு." பொன்னையன் மிக்சரை ஒதுக்கினார். "ஆனா அந்த மனுசனுக்கு இப்பம் மண்டை கொழம்பிட்டு சாரே. புதன்கெழம ஓடி வந்தாரு. சிலுவைதாசன் எல்லாத்தையும் உனக்கு விப்பாரு, வண்டி கொண்டு போறதுக்கு முன்ன எனக்கு ஃபோன் செய், அந்தப் பெரிய சிங்க டின்னை நான் வந்து எனக்க கையால எடுக்கணும், நீ தொடாதேன்னாரு."

"அதுல என்ன?"

"என்னவா? அங்கின பாருங்க."

கடைக்கு வெளியே மழைத்தண்ணீர் பிடிக்கவும் பெயிண்ட் கலக்கவும் வைத்திருந்த டின்களில் ஆறு மஞ்சள் சிங்கங்கள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. "கப்பல்ல போனவன் வீடு ஒவ்வொண்ணுலயும் இது ரெண்டு கெடக்கும். நான் சும்மா தாறேன்னு சொல்லியும் இதே சாரு காலால தள்ளிவிட்டுட்டுப் போனாரு, சவம் இது ஆருக்கு வேணும்னு."

ரெத்தினதாஸ் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சாயா குடிக்கும்போது மட்டும் வரும் ஒரு தெளிவு.

"கிருபா, அந்த ரூம்புல நுழைஞ்சதும் நீ ஒரு பகடி சொன்னியே. என்ன அது?"

"யாரும் சிரிக்காத பகடியா? எல்லாரும் முதுகைக் காட்டுதாவ, அந்தச் சிங்கம் ஒண்ணுதான் நேராப்..."

என் வாய் அப்படியே நின்றுவிட்டது. அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியிருந்தார்.

திருப்புறத்துக்குத் திரும்பியபோது சிலுவைதாசன் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. எமில்டா அக்கா ஓடிவந்தாள். "சுந்தரதாஸ் சாரு வந்திருக்காரு. மாமனைச் சமாதானப்படுத்தி ரூம்பைத் தொறக்க வச்சிருக்காரு."

உள்ளே போனோம். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் முகம். கையில் காலியாக ஒரு பிக் ஷாப்பர் பை. நடுத்தட்டுக்கு எதிரே நின்று இதமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கடல்குதிரை போச்சு, சரி. ஞாபகத்துக்கு இந்தச் சிங்கத்தை எனக்குத் தாருங்க. பதிலுக்கு எனக்க கையில உள்ள நல்ல டின்னு மூணு தாறேன். நீங்க குனியாதீங்க, நடுவேதனை. நானே எடுத்துக்கிடுதேன்."

"எடுத்துக்கிடும் சாரே," என்றார் சிலுவைதாசன் சலிப்பாக. "அதுக்கு அடிகூடக் கிடையாது. அடுக்களையில கவுத்து வச்சு அகப்பை போட அடியை முழுசா வெட்டினது."

சுந்தரதாஸின் இரண்டு கையும் நீண்டன. நான் புகுந்து அவருக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். என் உடம்புவாகு அதற்குத் தோது.

"ஒரு கரிக்கு குடிச்சிட்டு எடுக்கலாமே சார்? நல்ல வெயிலு."

அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போயிற்று. "இவங்க யாரு?"

ரெத்தினதாஸ் வாசலைப் பார்த்துக் கேட்டார். "சிலுவைதாசன் அண்ணாச்சி, இந்தச் சிங்கத்தை நீங்க எந்தப் பக்கம் பாத்து வச்சிருந்தீங்க?"

"சுவத்தப் பாத்து. எல்லாமே சுவத்தப் பாத்துதான்."

"உள்ள வந்து பாருங்க."

நான்கு நாளில் முதல் தடவையாக அவர் அந்த அறைக்குள் கால் வைத்தார். சிங்கத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதை யாரு திருப்பினது?"

ரெத்தினதாஸ் மெதுவாக ஆரம்பித்தார்.

"நானூத்திப் பதினொரு முதுகு. அதுல கடல்குதிரை எதுன்னு கண்டுபிடிக்க, தெரியாதவன் நாலு டின்னையாவது எடுத்துப் பாத்திருப்பான். தூசியில அடையாளம் விழுந்திருக்கும். விழல்ல. எடுத்த கை நேரா அதுக்குப் போயிருக்கு. முதுகைப் பாத்தே வயசு தெரிஞ்ச கை."

"எமில்டா ஏழு வருஷமா இஞ்ச இருக்கா," என்றார் சுந்தரதாஸ். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அவளுக்கு எல்லாம் தெரியும். எடுத்து இங்கேயே எங்கேயாவது ஒளிச்சிருப்பா."

"இங்கேயேன்னு யாரு சொன்னா சார்?" என்றேன். "நாலு நாளா எல்லாரும் டப்பா வெளியே போச்சுன்னு சொல்லுதாவ. நீங்க ஒருத்தருதான் உள்ளே இருக்குன்னு சொல்லுதீங்க."

ரெத்தினதாஸ் தொடர்ந்தார். "எமில்டா ஒளிச்சிருந்தா, தகரம் தெரியத்தான் வச்சிருப்பா. ஏழு வருஷமா அவ பாத்தது முதுகைத்தான். சிஜோ ஒளிச்சிருந்தா, கோணலா வச்சிட்டுப் போயிருப்பான். ஒரு டின்னைக் கையில எடுத்தா, அவசரத்துலயும் படம் முன்னால, தையல் பின்னால, நேரா நடுவுலன்னு வைக்கதுக்கு ஒருத்தரால மட்டும்தான் முடியும். டின்னு மேல உயிரா இருக்கவருக்கு. அவரு கை அப்படித்தான் வைக்கும். வேற மாதிரி வைக்க அதுக்குத் தெரியாது."

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் சிங்கத்தைத் தூக்கினார்.

கூடை கவிழ்த்த கோழிக்குஞ்சு மாதிரி, அதன் அடியில் சின்னதாக ஒரு டின் நின்றது. வெளிர்நீலத்தில் வாலைச் சுருட்டிய கடல்குதிரை. அதுவும் படம் முன்னால் தெரிய, நேராக நடுவில்.

சிலுவைதாசன் முதுகு வலியை மறந்து குனிந்து அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். சிஜோ வாயைப் பிளந்தான். நான் பிக் ஷாப்பர் பையைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். அடியில் பஞ்சு பரப்பி, நடுவில் டம்ளர் அளவுக்குக் குழி விட்டிருந்தது. அடியில்லாத அஞ்சு லிட்டர் டின்னுக்கு எதற்குப் பஞ்சு?

சுந்தரதாஸ் தட்டைப் பிடித்துக்கொண்டார். "விக்கதுக்கு எடுக்கல்ல," என்றார். "பதினோரு வருஷமாக் கேக்குதேன். ஒரு நாள் வீட்டுல வச்சுப் பாக்கத் தாருங்கன்னு கேட்டேன், தரல்ல. அண்ணைக்கு ரூம்பு தொறந்து கெடந்து. கையில எடுத்தேன். அப்பம் அவ கரிக்கு கொண்டு வாற சத்தம் கேட்டு. மடியில வைக்க முடியாது, பையும் இல்ல. கண்ணுக்கு முன்ன அடியில்லாத சிங்கம் இருந்து. அதை வச்சு மூடினேன். சாயங்காலம் வந்து எடுக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பூட்டிட்டீங்க."

"அதுக்குள்ள ஒருத்தி கள்ளி ஆயிட்டா," என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

எமில்டா அக்கா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. இப்போது சிஜோ தடுக்கவில்லை. நேராகச் சுந்தரதாஸுக்கு முன்னால் போய் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"சாரே, உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்டவங்களுக்கெல்லாம் நான் சத்தியம் செய்து சொன்னேன். சாரு வெறுங்கையா கையை வீசிட்டுப் போனாருன்னு. இண்ணைக்குக் காலத்தேயும் சொன்னேன். நான் பறிச்ச கரிக்கைக் குடிச்சிட்டு, ஜங்ஷன்ல என்னைக் கள்ளின்னு விளிச்சது தெரிஞ்சும், நீங்க எனக்காக ஒரு வார்த்தை சொல்லல்லியே."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபோது சிங்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இனி இந்த வாசலில் காலை வைக்க வேண்டாம் என்று சிலுவைதாசன் சொன்னதும் அவர் காதில் விழுந்ததா, தெரியாது.

பிறகு சிலுவைதாசன் திரும்பினார். "எமில்டா, பொறுத்துக்கோ. புத்தி மோசம் போச்சு. திங்கக்கெழம வழக்கம் போல வா. அடுக்களையில சாயா இருக்கு, குடிச்சிட்டுப் போ."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள். "ஜங்ஷன்ல வச்சு எடுத்த பேரை அடுக்களையில வச்சுத் தாறியளா மாமா?"

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

"நாம பூவாறுக்குப் போய்ச் சொல்லலாமே," என்றேன் ஸ்கூட்டரில்.

"அவ வச்ச ஆளு நாம. அவளுக்குச் சாதகமாத்தானே சொல்லுவோம்னு நினைப்பாவ. அந்த மனுசன் வாய் தொறக்கணும்."

"தொறப்பாரா?"

"டின்னைத் தொறக்கதுக்கே அவரு தலைப்பக்கம் தொடமாட்டாரு," என்றார். முதலாளி நகைச்சுவை சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு எமில்டா அக்காவின் கடற்கரைக் கோயிலில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். கூட்டம் நிறைந்திருந்தது. பூவாறிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார், ஆண்கள் பக்கம் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு. பெண்கள் பக்கம் சுவர் ஓரத்தில் எமில்டா அக்காவும் டெல்னாவும். அக்காவின் முகம் சுவரைப் பார்த்திருந்தது.

பூசை முடியும் நேரம் ஃபாதர் தாளை எடுத்தார். டெல்னா பேரையும் பையன் பேரையும் வாசித்தார். "மூன்றாவது அறிவிப்பு. தடை ஏதேனும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்."

மாப்பிள்ளையின் அப்பா கையை அவிழ்த்து, எழுந்திருக்க முன்பெஞ்சைப் பிடித்தார். அதற்குள் முன்வரிசையில் இன்னொருவர் எழுந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்பட்டு. சிலுவைதாசன். கோயில் முழுவதும் ஒரு சலசலப்பு. டெல்னா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாதரே, தடை இல்ல," என்றார் அவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத குரல். "எனக்க பாவம் ஒண்ணு உண்டு. எமில்டா எனக்க வீட்டுல ஒரு துரும்பு எடுக்கல்ல. எடுத்தது வேற ஆளு. சாதனம் கிட்டியாச்சு. ஜங்ஷன்ல எனக்க மருமகன் அவளைக் கள்ளின்னு விளிச்சப்போ நான் மிண்டாம நின்னேன். அதனால எல்லாரும் கேக்க இஞ்ச வச்சுச் சொல்லுதேன். தங்கம் போல உள்ளவளாக்கும்."

உட்காரவும் மறந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகப் பெஞ்சில் சாய்ந்து மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார். ஃபாதர் தாளை மடித்து வைத்தார்.

எனக்கு பகடி ஒன்றும் வாயில் வரவில்லை. எமில்டா அக்கா முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, சுவரை விட்டுத் திரும்பி, நேராகப் பீடத்தைப் பார்த்தாள். அவளுடைய முழு முகத்தையும் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.